நட்பை அளக்கும் ஒன்பது கேள்விகள்

ஒரு மாணவரின் நட்பு வட்டம் எப்படி என்று தெரிந்துகொள்ள வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்போம்: "எத்தனை ஃப்ரெண்ட்ஸ்?", "எவ்வளவு க்ளோஸ்?" முதல் கேள்விக்கு ஓர் எண் கிடைக்கும். வாட்ஸ்அப் குழுவில் 60 பேர் இருந்தும் ராத்திரி பதினொரு மணிக்கு அழைத்துப் பேச ஒருவர்கூட இல்லாத நிலையை அந்த எண் காட்டாது. இரண்டாவது கேள்விக்கு "உயிர் நண்பன்" என்று பதில் வரும். அந்த உயிர் நண்பன்தான் எந்த எலெக்டிவ் எடுக்க வேண்டும், யாரோடு பேசக்கூடாது என்பதையெல்லாம் தீர்மானிக்கிறான் என்பது அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும்.

உளவியலில் இதற்கு வேறொரு வழி இருக்கிறது. நட்பை அப்படியே அளக்க முயலாமல், அந்த நட்பில் இருக்கும்போது மனத்தின் மூன்று அடிப்படைத் தேவைகள் என்ன ஆகின்றன என்று பார்ப்பது. கேள்வித்தாள் சிறியது. கணக்கும் கூட்டல், கழித்தல், வகுத்தல்தான். ஆனாலும் இதைப் பலர் தப்பாகவே பயன்படுத்துகிறார்கள். மாணவர் ப்ராஜெக்ட்களில் அடிக்கடி நடப்பது மூன்று எண்களையும் கூட்டி "நட்பு மதிப்பெண்" என்று ஒரே எண்ணாக்கிவிடுவது. அது ஏன் தப்பு என்பதைப் பின்னால் ஒரு கணக்கு போட்டே பார்க்கலாம்.

ஆசை வேறு, தேவை வேறு

ஹாஸ்டல் மெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு கிடைக்கிறது, யாரும் குறை சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் குறைவு. கீரை வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை, ஆசைப்படவும் இல்லை. உடம்புக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடிப்படை உளவியல் தேவை என்பதும் இப்படித்தான். ஒருவர் அதை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கிடைத்தால் மனம் செழிக்கும், கிடைக்காவிட்டால் வாடும். அப்படிப்பட்ட ஒன்றை மட்டுமே தேவை என்கிறோம். புகழ், பணம், பைக் எல்லாம் ஆசைக் கணக்கில் வரும்.

இந்தக் கருத்தை வளர்த்தவர்கள் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும். 1985-இல் நூலாக வந்த அவர்களது கோட்பாட்டின் பெயர் செல்ஃப் டிட்டர்மினேஷன் தியரி. தமிழில் சுயநிர்ணயக் கோட்பாடு என்று எழுதினால் அரசியல் வாடை அடிக்கும், இலங்கை வாசகர்களுக்கு இன்னும் கூடுதலாக. இங்கே நிர்ணயம் என்பது ஒரு தனி மனிதர் தன் செயலைத் தானே மனமொப்பிச் செய்வதைக் குறிக்கிறது.

தேவை என்பது மேற்கத்திய மாணவர்களுக்கு மட்டும் பொருந்துமா? பெய்வென் சென், மார்ட்டன் வான்ஸ்டீன்கிஸ்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பெல்ஜியம், சீனா, அமெரிக்கா, பெரு ஆகிய நான்கு நாடுகளின் இளைஞர்களிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். தேவைகள் நிறைவேறுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு நான்கு நாடுகளிலும் ஒத்திருந்தது. அந்தத் தேவையை அவ்வளவாக விரும்பவில்லை என்றவர்களிடமும் அதே தொடர்பு தெரிந்தது. கீரைக் கதைதான்.

மூன்று தேவைகள், மூன்று குழப்பங்கள்

முதலாவது தன்னாட்சி. நான் செய்வது என் மனத்துக்கு ஒப்பித்தான் செய்கிறேன் என்ற உணர்வு. நட்பில் இதற்குப் பொருள், நான் நானாக இருக்கலாம், வேஷம் போட வேண்டியதில்லை என்பது. பலர் இதைத் "தனியாக நிற்பது", "யாரையும் சாராமல் இருப்பது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு. பரீட்சைக்கு முந்தைய இரவு நண்பரிடம் நோட்ஸ் வாங்கி, அவர் சொல்லித்தரச் சொல்லித்தரப் படிக்கும் மாணவர் நண்பரைச் சார்ந்திருக்கிறார். ஆனால் விருப்பத்தோடுதான் சார்ந்திருக்கிறார், ஆகவே தன்னாட்சிக்குக் குறைவில்லை. இன்னொருவர் எல்லோரும் வகுப்பைக் கட் அடிக்கிறார்களே, போகாவிட்டால் நாளைக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களே என்று பயந்து சினிமாவுக்குப் போகிறார். படம் ஜாலியாகவே இருந்திருக்கலாம். தன்னாட்சி அடிபட்டுவிட்டது.

இரண்டாவது திறனுணர்வு. என்னால் முடியும், நான் உருப்படியானவன் என்ற உணர்வு. மதிப்பெண்ணோடு இதைக் குழப்பக்கூடாது. வகுப்பில் முதலிடம் பெறும் மாணவிக்கும் ஒரு குறிப்பிட்ட தோழியுடன் இருக்கும்போது மட்டும் தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று தோன்றலாம். இங்கே கேட்கப்படுவது அந்தத் தோழியுடன் இருக்கும்போது எழும் உணர்வைத்தான்.

மூன்றாவது பிணைப்பு. என் மேல் அக்கறை உள்ள ஒருவர் இருக்கிறார், நானும் அவருக்கு முக்கியம் என்ற உணர்வு. இதில் வரும் குழப்பம், சேர்ந்து கழிக்கும் நேரத்தைப் பிணைப்பு என்று எண்ணுவது. ஹாரி ரைஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 76 கல்லூரி மாணவர்கள் 14 நாள் தினக்குறிப்பு எழுதினார்கள். பிணைப்புத் தேவை நிறைவேறுவதோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தவை இரண்டு: மனம் விட்டுப் பேசுவது, எதிரில் இருப்பவர் தன்னைப் புரிந்துகொண்டார், மதித்தார் என்று தோன்றுவது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்ப்பதற்கு அவ்வளவு பலன் இருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்றும் தனித்தனியானவை என்பதற்கு நம் ஊர்க் கல்லூரிகளில் கண்முன்னே இருக்கும் உதாரணம் கலாய்ப்பது. ஒரே கிண்டல் ஒருவருக்கு "நான் இந்தக் கூட்டத்தில் ஒருத்தன்" என்ற பிணைப்பைத் தரும். இன்னொருவருக்குப் பிணைப்பையும் தந்து, கூடவே திறனுணர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் சிரிக்கிறார்கள். ஆகவேதான் நடத்தையை எண்ணாமல் உணர்வைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதுவரை பார்த்தது: தேவை என்பது ஆசையைப் பொறுத்ததல்ல. தன்னாட்சி, திறனுணர்வு, பிணைப்பு என்று மூன்று. ஒரே நட்பு ஒன்றை ஊட்டி இன்னொன்றைப் பட்டினி போடலாம்.

பசியும் கெட்டுப்போன சோறும்

மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துபோனால் பசியோடு தூங்குவீர்கள். கெட்டுப்போன சாம்பாரைச் சாப்பிட்டால் வாந்தி, பேதி. முதலாவது கிடைக்காமல் போனது, இரண்டாவது கெடுதல் நடந்தது. பசியை அளக்கும் கருவி விஷத்தைக் காட்டாது.

தேவைகளிலும் இந்த வேறுபாடு உண்டு. தேவை நிறைவு என்பது தேவை நன்றாகப் பூர்த்தியாவது. தேவை முறிவு என்பது அந்தத் தேவை அடித்து நொறுக்கப்படுவது. நண்பர் பெரிதாக அக்கறை காட்டுவதில்லை என்றால் நிறைவு குறைவு. நண்பர் வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கிறார், மற்றவர்கள் முன் மட்டம் தட்டுகிறார் என்றால் அது முறிவு. சென் குழுவின் கேள்வித்தாள் இந்த இரண்டையும் பிரித்தே கேட்கிறது: மூன்று தேவைகள், ஒவ்வொன்றுக்கும் நிறைவு, முறிவு என இரண்டு பக்கம், பக்கத்துக்கு 4 கேள்விகள், மொத்தம் 24. பொதுவாக, நிறைவு மதிப்பு உற்சாகத்தையும் வாழ்க்கைத் திருப்தியையும் நன்றாகச் சொல்லும். மனச்சோர்வு அறிகுறிகளைப் பற்றி முறிவு மதிப்பே அதிகம் சொல்லும்.

அந்த ஒன்பது கேள்விகள்

24 கேள்விகள் கொண்ட அந்தத் தாள் வாழ்க்கையைப் பொதுவாகக் கேட்பது. ஒரு குறிப்பிட்ட உறவுக்கென்றே ஒரு சிறிய கருவி 2000-இலேயே வந்துவிட்டது. ஜெனிஃபர் லா கார்டியா, ரையன், கவுச்மன், டெசி ஆகிய நால்வரின் ஆய்வு அது. அம்மா, அப்பா, காதலர், நெருங்கிய நண்பர் என்று ஒரே மாணவரிடம் ஒவ்வோர் உறவைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரே மனிதர் ஒருவரிடம் பாதுகாப்பாகவும் இன்னொருவரிடம் ஒட்டாமலும் இருப்பது பரவலாகத் தெரிந்தது. "அவன் குணமே அப்படி, யாரிடமும் ஒட்டமாட்டான்" என்று நாம் முத்திரை குத்துவதற்கு இது நல்ல மறுப்பு.

கேள்வித்தாளில் 9 வாக்கியங்கள், தேவைக்கு மூன்று. எல்லாமே "இந்த நண்பருடன் இருக்கும்போது…" என்று தொடங்கும். 1 என்றால் கொஞ்சம்கூட உண்மையில்லை, 4 என்றால் ஓரளவு உண்மை, 7 என்றால் மிகவும் உண்மை. அவற்றின் சாரம் இது:

தன்னாட்சிக்கு: நான் நானாக இருக்க முடிகிறது. என் கருத்தைச் சொல்ல இடமிருக்கிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை உணர்கிறேன்.

திறனுணர்வுக்கு: நான் தகுதியானவர் என்று தோன்றுகிறது. என்னால் காரியம் ஆகும் என்று தோன்றுகிறது. நான் போதாதவர் என்று தோன்றுகிறது.

பிணைப்புக்கு: அன்பும் அக்கறையும் கிடைப்பதை உணர்கிறேன். மிக நெருக்கமாக உணர்கிறேன். எங்களுக்குள் இடைவெளி இருப்பதாக உணர்கிறேன்.

ஒவ்வொரு குழுவிலும் கடைசி வாக்கியம் எதிர்த்திசையில் போகிறது. இதற்குப் பெயர் தலைகீழ் வாக்கியம். கேள்வியைப் படிக்காமல் வரிசையாக 6, 6, 6 என்று டிக் அடித்துப் போகிறவர்களைப் பிடிக்க இது உதவும். ஆனால் கணக்கில் சறுக்கி விழும் இடமும் இதுதான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு மாணவி தன் இரண்டு தோழிகளைப் பற்றித் தனித்தனியாக நிரப்பியதாக வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்கு.

தோழி அ. தன்னாட்சி: 3, 3, தலைகீழ் வாக்கியத்துக்கு 6. திறனுணர்வு: 5, 5, தலைகீழ் 3. பிணைப்பு: 7, 7, தலைகீழ் 1.

தோழி ஆ. தன்னாட்சி: 5, 5, தலைகீழ் 3. திறனுணர்வு: 5, 5, தலைகீழ் 3. பிணைப்பு: 5, 5, தலைகீழ் 4.

முதல் வேலை தலைகீழ் விடைகளைத் திருப்புவது. 7 புள்ளி அளவுகோலில் 8-இலிருந்து விடையைக் கழிக்க வேண்டும். 6 என்பது 2 ஆகும், 3 என்பது 5 ஆகும், 1 என்பது 7 ஆகும், 4 அப்படியே 4. (5 புள்ளி அளவுகோல் என்றால் 6-இலிருந்து கழிக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆய்வில் பயன்படுத்துகிறவர்கள் இங்கே தவறுவது உண்டு.)

பிறகு தேவைக்கு ஒரு சராசரி. தோழி அ-வுக்குத் தன்னாட்சி 3, 3, 2 கூட்டினால் 8, மூன்றால் வகுத்தால் 2.67. திறனுணர்வு 5. பிணைப்பு 7. தோழி ஆ-வுக்குத் தன்னாட்சி 5, திறனுணர்வு 5, பிணைப்பு 4.67.

இப்போது எல்லோரும் செய்வதுபோல ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். அ-வின் கூட்டுத்தொகை 44, சராசரி 4.89. ஆ-வின் கூட்டுத்தொகையும் 44, சராசரியும் அதே 4.89.

ஒன்று மிக நெருக்கமான, ஆனால் மூச்சுத்திணற வைக்கும் நட்பு. மற்றது நிதானமான, சமநிலையான நட்பு. ஒரே எண்ணாக்கியதும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் கூட்டிச் சராசரி போடும் ஆய்வகத்துக்கு யாராவது போவோமா? மொத்த எண் ஒரேயடியாகப் பயனற்றது என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பேரின் தரவில் பொதுப் போக்கைப் பார்க்க அதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நிறைய உண்டு. ஒரு நட்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மூன்று எண்களும் அருகருகே இருக்க வேண்டும்.

தலைகீழ் விடையைத் திருப்ப மறந்தால் என்ன ஆகும்? அ-வின் தன்னாட்சி 3, 3, 6, அதாவது சராசரி 4. ஆ-வின் தன்னாட்சி 5, 5, 3, சராசரி 4.33. முன்பு 2.67-க்கும் 5-க்கும் இருந்த பெரிய பள்ளம் கிட்டத்தட்ட காணாமல் போகிறது. அ-வின் பிணைப்பும் 7-இலிருந்து 5-க்கு இறங்கிவிடுகிறது. எக்ஸெல் எந்த எச்சரிக்கையும் தராது. ஆகவே மூல விடைகள் இருக்கும் நெடுவரிசையை அழிக்காமல், திருப்பிய விடைக்கென்று பக்கத்தில் புதிய நெடுவரிசை போட்டு, பெயரிலேயே "திருப்பியது" என்று எழுதிவைப்பது நல்லது. மூல நெடுவரிசையிலேயே திருப்பினால், மறுநாள் மறந்துபோய் இன்னொரு முறை திருப்பிவிடுவீர்கள்.

ஒருவர் ஒரு கேள்வியை விட்டுவிட்டால் அந்தத் தேவையின் மற்ற இரண்டு விடைகளின் சராசரியை எடுத்துக்கொள்வது வழக்கம். மூன்றில் இரண்டை விட்டிருந்தால் அந்தத் தேவைக்கு அவரது மதிப்பைக் காலியாக விட வேண்டும். காலி இடத்தில் 0 போடவே கூடாது. அளவுகோலில் 0 என்றொரு விடையே கிடையாது.

எண் நம்பத்தக்கதா?

இரண்டு சொற்கள் தேவைப்படும். நம்பகத்தன்மை என்றால் கருவி சீராகச் சொல்கிறதா என்பது. ஏற்புடைமை என்றால் அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது. தெருமுனை எடை மெஷின் ஒவ்வொரு முறையும் சரியாக 3 கிலோ கூட்டிக் காட்டினால் நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை.

நம்பகத்தன்மைக்குப் பரவலாகப் பயன்படுவது லீ க்ரான்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற ஆல்ஃபா எண். ஒரு தேவைக்கான மூன்று வாக்கியங்களும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அது காட்டும். 0.70-க்கு மேல் இருந்தால் சரி என்பது எழுதாத சட்டம். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கேள்விகள் குறைந்தால் ஆல்ஃபாவும் குறையும், எனவே மூன்றே வாக்கியங்களுக்கு 0.65 வந்தால் பதற வேண்டியதில்லை. ஆல்ஃபா மிகக் கீழே போனாலோ எதிர்மறையாக வந்தாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது தலைகீழ் விடைகளைத் திருப்பினீர்களா என்பதைத்தான். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருப்பார்.

சரியாகத் திருப்பிய பிறகும் தலைகீழ் வாக்கியங்கள் தனிக் கட்சி கட்டுவதுண்டு. வாழ்க்கையைப் பொதுவாகக் கேட்கும் பழைய 21 கேள்வித் தாளை மேரி ஜான்ஸ்டன், சாரா ஃபின்னி இருவரும் 2010-இல் பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்தபோது இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார்கள். தேவையால் சேர வேண்டிய விடைகள், எதிர்மறைச் சொல்லமைப்பாலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. பசியையும் கெட்ட சோற்றையும் பிரிக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்: "கட்டாயத்தை உணர்கிறேன்" என்பது சுதந்திரம் குறைவு என்பதன் மறுபெயரா, தனியொரு காயமா என்பதை ஒன்பது கேள்வித் தாள் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நிறைவுக்கும் முறிவுக்கும் தனித்தனிக் கேள்விகள் உள்ள கருவியை எடுத்து, "இந்த நட்பில்" என்று மாற்றியமைத்து, மாற்றிய வடிவத்தை மறுபடி சோதிக்க வேண்டும்.

சுருக்கமாக: திருப்பு, தேவைக்குத் தேவை சராசரி எடு, ஆல்ஃபா பார். மொத்த எண்ணை வைத்து ஒரு நட்பை எடைபோடாதே.

எந்த நண்பர், எந்த வாரம், எந்த இடம்

கேள்விகள் நன்றாக இருந்தும் கேட்கும் முறையில் ஆய்வு கெடலாம். "உங்கள் நண்பர்களைப் பற்றி நினைத்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் முதல் கேள்விக்கு ஒருவரையும் ஐந்தாம் கேள்விக்கு இன்னொருவரையும் நினைத்துப் பதில் எழுதுவார்கள். ஒரே நண்பரின் பெயரின் முதல் எழுத்தைத் தாளின் மேலே எழுதவைத்து, "இவரை மட்டும் மனத்தில் வைத்து" என்று சொல்ல வேண்டும். பெயரின் முதல் எழுத்து பதில் எழுதுகிறவருக்கான நினைவூட்டல். அதைத் தரவில் ஏற்ற வேண்டாம்.

"மிக நெருங்கிய நண்பர்" என்று கேட்டால் இன்னொரு சிக்கல். பிடித்தவரைத்தானே நெருங்கிய நண்பர் என்கிறோம்? பெரும்பாலான விடைகள் 6-இலும் 7-இலும் குவியும். எல்லோரும் உச்சியில் நின்றால் யாருக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதைக் கூரை விளைவு என்பார்கள். நெருங்கிய நண்பரோடு, தானாகத் தேர்ந்தெடுக்காத ஒருவரையும் கேட்பது ஒரு வழி. ஹாஸ்டல் அறைத்தோழர் அதற்குப் பொருத்தமானவர், அவரை விடுதி அலுவலகம்தான் தேர்ந்தெடுத்தது.

இன்டர்னல் தேர்வு வாரத்தில் திறனுணர்வுக் கேள்விகளைக் கேட்டால் நட்பின் தாக்கத்தோடு பரீட்சையின் தாக்கமும் கலந்து வரும். முதலாண்டு மாணவர்களைச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில் கேட்டால், நட்பு என்று சொல்லத்தக்க எதுவும் இன்னும் உருவாகியிருக்காது. "கடந்த நான்கு வாரங்களில்" என்று ஒரு கால எல்லை கொடுப்பது பாதுகாப்பு.

இடம்தான் பலர் மறந்துபோவது. வகுப்பறையில் தாளைக் கொடுத்தால், எந்த நண்பரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்! யார் 3 போடுவார்கள்? கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இருவரும் ஒரே ஃபோனில் சிரித்துக்கொண்டே நிரப்புவார்கள். தனியாக உட்கார்ந்து, அவரவர் ஃபோனில், பெயரில்லாமல் நிரப்பச் செய்ய வேண்டும். சம்மதம் கேட்பதும், வேண்டாமென்றால் விலகலாம் என்று சொல்வதும் கட்டாயம். சிலருக்கு இந்தக் கேள்விகள் தாங்கள் ஒப்புக்கொள்ள விரும்பாத ஒன்றைத் தெரியவைத்துவிடும். தாளின் கடைசியில் கல்லூரி ஆலோசகரைத் தொடர்புகொள்ளும் வழியையோ, இந்தியாவில் என்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயோ போட்டுவைக்கலாம்.

தமிழில் கேட்கும்போது

ஆங்கிலத் தாளைத் தமிழ் மாணவர்களிடம் கொடுக்க மொழிபெயர்த்தாக வேண்டும். வழக்கமான முறை: ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். இது சொல்லின் பொருளைக் காப்பாற்றும். சொல்லின் வாடையைக் காப்பாற்றாது.

"நெருக்கம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருக்கும்போது "மிக நெருக்கமாக உணர்கிறேன்" என்ற வாக்கியத்துக்கு 7 போடத் தயங்குவார்கள். சொல் காதல் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அங்கே 3 வந்தால் அது பிணைப்பின் குறைவா, கூச்சமா என்று தெரியாது. "எதையும் மனம் விட்டுப் பேச முடிகிறது" என்பது பக்கத்தில் வரும், ஆனால் அது சற்றே வேறு கேள்வி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னாட்சியை "சொந்தக் காலில் நிற்கிறேன்" என்று எழுதினால் முன்பு சொன்ன குழப்பத்தை நாமே உள்ளே அழைத்துவருகிறோம். "நேசிக்கப்படுவதாக உணர்கிறேன்" என்று எந்த மாணவரும் பேசுவதில்லை. "இவருக்கு என் மேல் பாசமும் அக்கறையும் இருப்பதை உணர்கிறேன்" என்றால் புரியும்.

இரட்டை எதிர்மறை இன்னொரு பள்ளம். "நான் நானாக இருக்க முடிவதில்லை" என்ற வாக்கியத்துக்கு "உண்மையில்லை" என்று பதில் சொல்ல வேண்டுமென்றால் பாதிப் பேர் நின்று யோசிப்பார்கள், மீதிப் பேர் மாற்றிப் போடுவார்கள். "இல்லை" என்று முடியாமல் "கட்டாயத்தை உணர்கிறேன்" என்று நேர்வினையில் எழுத வேண்டும். ஏழு புள்ளிகளுக்கும் பெயர் வைக்கப் போனால் "ஓரளவு", "கொஞ்சம்", "சற்று" எது பெரியது என்று நமக்கே தெரியாது. 1, 4, 7 மூன்றுக்கு மட்டும் பெயர் போதும்.

முடிந்ததும் எட்டுப் பத்து மாணவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, வாக்கியத்தைப் படித்து அதற்கு என்ன பொருள் என்று அவர்கள் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. பின்னால் வரும் மாதக்கணக்கான குழப்பத்தை இது தடுத்துவிடும்.

எண்ணை வைத்து எதுவரை பேசலாம்

மெலிக்ஷா டெமிர், மெட்டின் ஓஸ்டெமிர் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு நட்பின் தரத்துக்கும் மகிழ்ச்சிக்கும் நடுவே இந்தத் தேவைகளை வைத்துப் பார்த்தது. நட்பின் தரம் தேவைகளை நிறைவேற்றுகிறது, தேவை நிறைவு மகிழ்ச்சியோடு இணைகிறது என்ற வரிசைக்குத் தரவு ஆதரவாக இருந்தது. இப்படி நடுவில் நின்று கடத்துவதை இடைநிலை விளைவு என்பார்கள். மின்சாரம் வயர் வழியாக விளக்குக்குப் போவதுபோல.

ஆனால் ஒரே நாளில் ஒரே தாளில் கேட்ட தரவில் அம்புக்குறியின் திசை தெரியாது. மகிழ்ச்சியாக இருப்பவர் தன் நண்பருக்கும் தாராளமாக 7 போடுவார். மனச்சோர்வில் இருப்பவருக்கு நல்ல நட்பும் தூரமாகத் தெரியும். திசையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் ஒரே மாணவர்களைப் பல முறை கேட்க வேண்டும், ரைஸ் குழுவின் தினக்குறிப்பு மாதிரி.

இன்னொன்று: இந்தக் கருவிக்குத் தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. 4-க்குக் கீழே போனால் நச்சு நட்பு, 5-க்கு மேல் போனால் நல்ல நட்பு என்று எந்த வெட்டுப்புள்ளியும் நிறுவப்படவில்லை. இன்ஸ்டாகிராமில் "உங்கள் நட்பு டாக்ஸிக்கா?" என்று ஐந்து கேள்வி கேட்டுத் தீர்ப்பு சொல்லும் க்விஸ்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஒருவரின் மூன்று எண்களைத் தங்களுக்குள் ஒப்பிடலாம், அவரது இரண்டு நண்பர்களை ஒப்பிடலாம், ஒரே நட்பை ஜூலையிலும் டிசம்பரிலும் ஒப்பிடலாம்.

இருவரிடமும் கேட்டால்

இதுவரை தாளை நிரப்பியது நட்பின் ஒரு பக்கம் மட்டுமே. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்கலாம். டெசி, லா கார்டியா உள்ளிட்டோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அப்படி நண்பர் ஜோடிகளை எடுத்தது. நண்பரிடமிருந்து தன்னாட்சிக்கு ஆதரவு பெறுவதும், நண்பருக்கு அதைத் தருவதும் இரண்டுமே நட்பின் தரத்தோடு இணைந்திருந்தன. மனநலத்தைக் கணிப்பதில் இரண்டையும் போட்டிக்கு விட்டபோது, பெறுவதைவிடத் தருவதற்கே கூடுதல் பலம் இருந்தது.

ஜோடித் தரவில் கணக்கு கொஞ்சம் மாறும். 50 ஜோடிகளை 100 தனி மனிதர்களாக எண்ணக்கூடாது. ஒரே நட்பைப் பற்றி இருவர் எழுதும்போது விடைகள் ஒன்றையொன்று இழுக்கும். சாதாரணச் சோதனைகளை ஓட்டினால் இல்லாத உறுதி இருப்பதுபோலத் தோன்றும். ஜோடிகளுக்கென்றே உள்ள புள்ளியியல் முறைகளைத் தெரிந்தவரிடம் தரவைக் கொடுப்பது நல்லது.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவர் பிணைப்புக்கு 7 போட்ட இடத்தில் மற்றவர் 4 போட்டிருப்பார். யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும். கேள்வியை மறுபடி படியுங்கள்: "இந்த நண்பருடன் இருக்கும்போது நான்…" என்றுதான் கேட்டிருக்கிறோம். இரண்டு தாளிலும் "நான்" வேறு வேறு ஆள். எந்த விடையையும் திருத்த வேண்டியதில்லை, சராசரி எடுக்கவும் வேண்டாம். அந்த 3 புள்ளி இடைவெளியைத் தனி நெடுவரிசையில் எழுதிவையுங்கள்.